முதலில் வெட்டியவள்

ராசாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. புருஷன் போனபிறகு காரமடைப் பக்கத்துத் தென்னந்தோப்பை ஒண்டியாக நின்று காப்பாற்றியவளுக்கு வாயாவது இருக்க வேண்டாமா? மழை பொய்த்த வருஷங்களில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஒரு மரத்தைக்கூடச் சாக விடவில்லை. அந்தத் தோப்புதான் அவளுக்குச் சோறு. ஊரில் தலைநிமிர்ந்து நடக்கிற தெம்பும் அதுதான்.

பூச்சி பரப்புகிற வேர்வாடல் நோய் தோப்பு தோப்பாகக் காலிசெய்கிறது என்று கேள்விப்பட்டதும், ட்ரோன் பறக்கவிடும் லாஸ்யா என்ற பெண்ணைத் துடியலூரிலிருந்து வரவழைத்தாள். ஓலை மஞ்சளாகும் முன்பே, உள்ளே பச்சையம் குறைவதை அந்தக் கேமரா மேலிருந்து பிடித்துவிடுமாம். படத்தில் வேலியோரம் சில மரங்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஓலையை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். படம் சொன்னது சரிதான்.

"இப்பவே வெட்டிட்டீங்கன்னா மத்த மரம் தப்பிக்குமுங்க. ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் பாருங்கம்மா, இன்னும் நெறையச் செகப்பு," என்றாள் லாஸ்யா.

அந்தப் பக்கம் கொழுந்தன் அரங்கசாமியின் தோப்பு. பாகம் பிரித்த நாளிலிருந்து ராசாத்தாள் அவன் வாசல்படி ஏறியதில்லை. மரங்களுக்காக வீம்பை விட்டு ஏறினாள். போனில் இருந்த படத்தை நீட்டினாள்.

"ஏனுங்க கொழுந்தனாரே, நோவு ரெண்டு பக்கமும் இருக்குதுங்க. ஒண்ணா வெட்டிப்போடலாமுங்க. பூச்சிக்கு வேலி தெரியுமாங்க?"

அரங்கசாமி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ற தோப்பு மேல மிசினு உட ஆரைக் கேட்டீங்க நங்கை? பச்சப்பசேல்னு காய்க்கிற மரத்த வெட்டச் சொல்றீங்களே, உங்குளுக்கே நல்லா இருக்குதுங்களா? வயித்தெரிச்சலுங்க, வேறென்ன."

'நங்கை' என்று அண்ணன் மனைவிக்குக் கொடுக்கிற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. 'ங்க' போட்டே ஆளைச் சுடுவதில் இந்தப் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது.

ராசாத்தாள் தன் மரங்களை வெட்டினாள். விழுந்த குலைகளில் இளங்காய்கள் தெறித்து ஓடின.

மறுவருஷம் அரங்கசாமியின் ஓலைகள் மஞ்சளாகித் தொங்கின. அங்கிருந்து பூச்சி வேலி தாண்டியது. லாஸ்யா மறுபடி வந்து படம் எடுத்தபோது ராசாத்தாளின் தோப்பில் பாதிக்குமேல் சிவப்பு. "நீங்க செஞ்சது சரிதாங்கம்மா," என்றாள் லாஸ்யா. சரியை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா?

வேளாண்மை அதிகாரி வந்து ஊரைக் கூட்டினார். நோய் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டார். அரங்கசாமி எழுந்தான்.

"எங்க நங்கை தோப்புலதானுங்க. மொதல்ல மரத்த வெட்டுனது அவங்கதானுங்களே. நோவு இல்லாமயா வெட்டுனாங்க?"

கூட்டம் தலையாட்டியது. ராசாத்தாள் பழைய படத்தை எடுத்துக் காட்டினாள். "உங்க மிசினு, உங்க படமுங்க," என்றார் ஒருவர். சிரித்தார்கள். தேங்காய் வியாபாரிகூட அவளைப் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டான்.

வெளியே வந்தபோது, கீழ்த்தோட்டத்து மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, என்ற தோப்புலயும் ரெண்டு மரம் ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

வெட்டச் சொல்லவேண்டும் என்று ராசாத்தாளுக்குத் தெரியும்.

"சொல்லமாட்டேன் அம்மணி, நீ போ," என்றாள்.