மணலுக்குள் போன சங்கு நண்டு

பொழுது சாய்ந்ததும் அலுமினியச் சட்டியை யாரோ நகத்தால் பிராண்டுவதுபோல ஒரு சத்தம் எழும். அக்கா ஸ்டெல்லா வளர்த்த, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் 'சங்கு நண்டு' விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அம்மா இறந்தபின், 'பப்பா' என்று நாங்கள் அழைத்த அப்பா எங்களை உழவர்கரையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, சீக்கிரமே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் பிரான்சுக்குப் போயிருந்த, இரண்டாயிரங்களின் தொடக்கம் அது.

அத்தையோடு மீன் வாங்கப் பிள்ளைச்சாவடிக்குப் போனபோது, கடற்கரைக் கொடிகளுக்கு அடியில் அக்கா அதைக் கண்டெடுத்தாள். காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டும் என்று, சட்டி மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவள் வைத்த காலிச் சங்கை அது காலால் தடவித் தடவி அளந்து, சட்டென்று பழையதிலிருந்து உருவிக்கொண்டு புதியதில் புகுந்தது. ஓடில்லாத, சுருண்ட, வெளிறிய அந்த வயிற்றைக் கண்டு நான் கூசிப்போனேன்.

பிறகு அது மணலுக்குள் புதைந்துகொண்டது. முன்பும் ஒருமுறை அப்படிப் போய், தோலுரித்து, உரித்ததையே தின்றுவிட்டுத் திரும்பியிருந்ததால் அக்கா கலங்கவில்லை. ஆனால் வாரங்கள் ஓடின.

"செத்தத எதுக்குடி வச்சிக்கினு இருக்க? நாறுது" என்றாள் அத்தை.

"சாவல அத்த. உள்ள தோலுரிச்சிக்கினு இருக்குது. தானா வந்துடும்."

"ஆமா, தானா வரும். உங்கப்பன் வந்து கூட்டினு போவான்னு நம்பறீங்களே, அது மாரி."

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது, சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வாய்க்கால் ஓரம் கொட்டிக்கிடந்த மணலை அக்கா கையால் கிளறினாள். பழுப்பு வெள்ளையாய், அப்போதுதான் தோலுரித்து, வெந்த முட்டைபோல மெத்தென்றிருந்த நண்டின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. ஒரு கால் மட்டும் அசைந்தது. அதுவும் சற்று நேரத்தில் நின்றுபோனது.

"உசுரோடவா இருந்துச்சு?" என்று கேட்ட அத்தை, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

அக்கா அழவில்லை. அந்த ஞாயிறு பப்பாவிடமிருந்து போன் வந்தபோது அவள் அறையைவிட்டு வரவில்லை. "குளிச்சிக்கினு இருக்கா" என்று அத்தை சமாளித்தாள். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் அக்கா வரவில்லை. பப்பாவும் எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை; அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார்.

இன்று பிள்ளைச்சாவடியில் நாங்கள் நடந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் கிடக்கின்றன. அரியாங்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கும் அக்காவிடம் அவள் மகள் பூனைக்குட்டி கேட்டு அழுகிறாள். "வாடக வீட்ல ஒண்ணும் வளக்கக் கூடாது" என்கிறாள் அக்கா. வீட்டுச் சொந்தக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானே போய்க் கேட்டுவிட்டேன்.