நான் திருத்தச் சொன்ன படம்

பெங்களூரில் ஓவியம் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயில். ஒருநாள், பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக உட்காரும் மாடல் வரவில்லை. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தொடப்பத்த வெச்சிட்டு இந்த பெஞ்ச்ல உக்காருங்கம்மா. நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே, உங்களுக்குன்னே செஞ்ச வேல இது."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படித்தான் மாடல் ஆனேன். இருபது நிமிஷம் அசையக் கூடாது, ஐந்து நிமிஷம் ரெஸ்ட். எழுந்து வந்தால் அதே இடத்தில் கால் வைக்க, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் நான் தனி. ஒரே மகன் துபாயில். "எப்டிம்மா கீற?" என்று போனில் கேட்பான். "நல்லா கீறேன்பா" என்பேன். அவன் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. அதைச் சொல்ல மட்டும் வாய் வராது.

மஞ்சுளா என்ற மாணவி ஒரு வாரம் என்னை வரைந்தாள். மகனுக்கு அனுப்பலாம் என்று ஆசையாய்ப் போய்ப் பார்த்தேன். பெரிய சாம்பல் நிறச் சுவர். அதன் அடியில், பெஞ்சின் ஓரத்தில், சின்னதாக நான். யாருக்கோ இடம் விட்ட மாதிரி மீதி பெஞ்ச் காலி. கண்ணும் மூக்கும்கூடச் சரியாக இல்லை. ஆனால் ஒரு கையின் கட்டைவிரலை மறு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இன்னாம்மா இது, எழவு வூட்ல குந்திகினு இருக்கிறவ மாதிரி?"

"நான் ஒண்ணும் சேர்க்கல ஆன்ட்டி. நீங்க அப்படித்தான் உக்காந்திருந்தீங்க."

"எம்புள்ள பாத்தா பதறிடுவான். சிரிக்கிற மாதிரி போடும்மா."

"அது பொய்யாயிடும் ஆன்ட்டி."

கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அரை மனதாக உதட்டோரத்தைத் தூக்கினாள். சுவருக்கு மஞ்சள் அடித்தாள். கைகளை முந்தானையால் மூடினாள். போனில் படம் பிடித்து அனுப்பியும் கொடுத்தாள்.

சாயங்காலமே மகன் கூப்பிட்டான்.

"சூப்பரா கீறம்மா! தனியா இன்னா பண்றியோன்னு பயந்துகினே இருந்தேன். வேலைய வுட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு லெட்டர்கூட எழுதிட்டேன். இனிமே கவல இல்ல. இன்னும் அஞ்சு வருசம் இங்கயே ஓட்டிடறேன்."

"சரிப்பா" என்றேன்.

மறுநாள் மஞ்சுளாவிடம் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டேன். "அது மேலயேதானே அடிச்சேன் ஆன்ட்டி" என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். வரைகிறவர்கள் உங்களைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். உங்கள் வாய் சொல்லாததைப் படம் சொல்லிவிட்டால், வெட்கப்பட்டு அதைத் தடுக்காதீர்கள். நான் தடுத்தேன்.