திருத்திய சாய்தளம்

மூன்றாவது முறையாக ஆபீசின் பொது ஃபோல்டரைத் திறந்தாள். சாய்தளத்தின் வரைபடம் இருந்தது. பழையது, போன வாரத்துத் தேதி. திருத்தியது இல்லை.

"இல்லாதத எத்தனை தடவ தொறந்து பார்த்தாலும் இல்லாததுதாம்மா," என்றார் இன்ஜினியர். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நேத்து சாயங்காலம் முடிச்சு, சேவ் பண்ணிட்டுதான் சார் போனேன்."

"பண்ணியிருந்தா அங்க இருக்கும். மறந்துட்டேன்னு ஒத்துக்க, விட்டுடறேன். எதுக்குப் பொய் சொல்ற?"

ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்த, தாடி என்று எல்லாரும் கூப்பிடும் பையன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் மவுஸின் சத்தம் நின்றுவிட்டது.

காலையில் சைட் சூப்பர்வைசர் ஃபோன் செய்திருந்தார். பொது ஃபோல்டரில் இருந்ததை எடுத்து, அச்சிட்டு, அதன்படி கான்கிரீட் ஊற்றப் பலகையும் அடித்தாகிவிட்டது. மதியம் கான்கிரீட் வரும். நேரில் பார்த்த வீட்டுக்காரர், இவ்வளவு செங்குத்தான சாய்தளத்தில் தன் மகளின் சக்கர நாற்காலி ஏறாது, மாற்றித் தருவதாகச் சொன்னீர்களே என்று கத்தியிருக்கிறார். மாற்றித்தான் இருந்தாள். நீளத்தைக் கூட்டி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வைத்து, அங்கிருந்து திருப்பி வரைந்திருந்தாள். அது எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

ஆபீசில் அவளை ஸ்கேல் என்பார்கள். ஒல்லி, உயரம், வளைய மாட்டாள். இந்த வேலைக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். தம்பிக்கு மட்டும் ஃபீஸ் கட்டினால் போதும் என்று வீட்டில் முடிவெடுத்தபோது, பாலிடெக்னிக் முதல்வரின் அறை வாசலில் போய்க் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். ஃபீஸ் இல்லாமல் இடம் கொடுத்த பிறகுதான் எழுந்தாள். தம்பி இப்போது ஃபோன் கடை வைத்திருக்கிறான், அவள் வீடு வரைகிறாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவர், "நம்ம வீட்டுல தீப்பெட்டியே வாங்க வேண்டியதில்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், கொஞ்சம் தள்ளி நின்று. ஆபீசில் மட்டும் அந்தக் கோபத்தை விழுங்கக் கற்றிருந்தாள். மந்தம், திமிர், வாய் நீளம் என்று எது சொன்னாலும் வாங்கிக்கொள்வாள். பொய் என்ற வார்த்தை தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இன்ஜினியரின் மச்சானைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்பு மூன்று கம்ப்யூட்டரிலும் வரைபட சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போட்டவர் அவர்தான்.

"எதுவும் மாறல அக்கா. ஸ்கிரீன்தான் கறுப்பாயிருக்கு. மத்தபடி அதே ஆளு, புதுச் சட்ட," என்றார். "நீங்க அவசரத்துல சேவ் குடுக்காம மூடியிருப்பீங்க."

"இருபது வருஷமா மூடறேன் தம்பி. எனக்கு மூடத் தெரியும்."

"அப்பறம் எங்க அக்கா போகும்? காலா மொளச்சிருக்கு?"

ஆடத் தெரியாதவன் கூடத்தைக் கோணல் என்றால் பரவாயில்லை. இவன் கூடத்தைக் கோணலாகக் கட்டிவிட்டு, உனக்கு ஆடத் தெரியவில்லை என்கிறான். பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று திரைக்குத் திரும்பினாள். வெற்று வரைபடம் ஒன்றைத் திறந்து, ரெண்டு கோடு போட்டு, 'சேவ்' பொத்தானை அழுத்தினாள்.

எங்கே சேமிக்க என்று கேட்கும் பெட்டி திறந்தது. அந்த ஆபீசில் யாரும் அந்தப் பெட்டியைப் படிப்பதே இல்லை. அது எப்போதும் பொது ஃபோல்டரில்தான் திறக்கும். பெயரை அடிப்பார்கள், எண்டரைத் தட்டுவார்கள், எழுந்து போவார்கள். இப்போது படித்தாள். டாக்குமெண்ட்ஸ் என்றிருந்தது. பொது ஃபோல்டர் இல்லை, இந்தக் கம்ப்யூட்டரின் சொந்த வயிறு.

அதற்குள் பார்த்தாள். அவளுடையது எதுவும் இல்லை. வேறு ஒருவருடைய வரைபடம் இருந்தது.

"தாடி, நேத்து நீ இங்கயா உக்காந்திருந்த?"

"ஆமாக்கா. ஏன்?"

"நீ போட்ட கக்கூஸ் இங்க கெடக்கு."

தாடி அவசரமாகப் பொது ஃபோல்டரைத் திறந்து தேடினான். "ஐயோ, ஆமா. அங்க காணமேக்கா."

மூன்று கம்ப்யூட்டரில் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் வருகிறவருக்கு ஜன்னலோரம், கடைசியில் வருகிறவருக்குக் கதவோரம். வேலையெல்லாம் ஒரே இடத்தில் சேர்வதால் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். நேற்று அவள் முதலில் வந்திருந்தாள்.

"எந்திரி," என்றாள்.

தாடி எழுந்தான். ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் டாக்குமெண்ட்ஸில் சாய்தளம் இருந்தது. நேற்றுத் தேதி, சாயங்கால நேரம். திறந்து காட்டினாள். சமதளம், திருப்பம், எல்லாம்.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "சரி, கெடச்சிருச்சுல்ல. சைட்டுக்கு அனுப்பு."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பொய்னு சொன்னீங்க சார்."

"அதான் கெடச்சிருச்சேம்மா."

"வரைபடம் கெடச்சிருச்சு. நீங்க சொன்னத இன்னும் திரும்ப எடுக்கல."

"வண்டி வர்ற நேரத்துல என்ன பேச்சு இது? மொதல்ல அனுப்பு, அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் நீங்க பேச மாட்டீங்க. எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

மச்சான் தன் ஃபோனைப் பார்த்தார். தாடி ஜன்னலைப் பார்த்தான். இன்ஜினியரின் ஃபோன் அடித்தது. சூப்பர்வைசரின் குரல் வெளியே வரை கேட்டது. "சார், வண்டி கெளம்பிருச்சாம். பலகையப் பிரிக்கவா, ஊத்தவா? ஒரு வார்த்த சொல்லுங்க."

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் சூப்பர்வைசருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரின் மகள் ஒரு தடவை ஆபீசுக்கு வந்திருந்தாள். வாசலில் நாலு படி. நாற்காலியோடு ரெண்டு ஆள் தூக்கினார்கள். தூக்கும்போது அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இவளுடைய கோபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இன்ஜினியரின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "பிரிங்க. புதுசு வருது."

அனுப்பினாள். இன்ஜினியர் தன் அறைக்குப் போனார். கதவு சாதாரணமாகவே மூடியது.

அதன்பிறகு அவள் எழவில்லை. சேமிக்கும் இடம் எதனால் மாறியது என்று தெரிந்தே ஆக வேண்டும். ஆப்ஷன்ஸில் தேடினாள். தானாகச் சேமிக்கும் நகல்களுக்கு ஓர் இடம் எழுதியிருந்தது. அதை மாற்றிப் பார்த்தாள். பெட்டி மறுபடியும் டாக்குமெண்ட்ஸிலேயே திறந்தது. மறுபடி தேடினாள். கடைசியில் அது சாஃப்ட்வேருக்குள் இல்லை, வெளியே, திரையின் முகப்பில் கிடந்த ஐகானில் இருந்தது. வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'ஸ்டார்ட் இன்' என்று, எந்த ஃபோல்டரில் தொடங்குவது எனச் சொல்லும் ஒரு வரி. பழைய ஐகானில் அந்த வரியில் பொது ஃபோல்டரின் முகவரி இருந்திருக்க வேண்டும். மச்சான் பழையதை அழித்துவிட்டுப் புதிதை வைத்தபோது அதுவும் போயிருக்கிறது. முகவரியை அடித்தாள். சாஃப்ட்வேரை மூடித் திறந்து, 'சேவ்' பொத்தானை அழுத்தினாள். பொது ஃபோல்டர் திறந்தது.

"சூப்பர் அக்கா," என்றார் மச்சான், பின்னால் வந்து நின்று. "அப்படியே மத்த ரெண்டுலயும் போட்டுருங்களேன்."

"மூணுலயும் மாத்தினது யாரு?"

"நான்தான்."

"ஒண்ணு நான் போட்டுட்டேன். ரெண்டு பாக்கி."

மறுநாள் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். தாடி முதலில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நடுக் கம்ப்யூட்டர் கிடைத்தது. மச்சான் அதில் முகவரியைத் தப்பாக அடித்திருந்தார், திருத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் சாய்தளத்தின் படத்தை அனுப்பியிருந்தார். பலகையை மாற்றி அடித்திருந்தார்கள். கான்கிரீட் வண்டியைத் திருப்பிவிட்டு, ஊற்றுவதை அடுத்த நாளுக்குத் தள்ளியிருந்தார்கள். இன்ஜினியர் மதியத்துக்கு மேல் வந்தார். தண்ணீர்த் தொட்டியின் வரைபடம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள். எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொது ஃபோல்டரில் என்றாள். அவர் போய்ப் பார்த்துக்கொண்டார். ஐந்தரைக்கு பஸ் பிடித்தாள்.