பாஸ்போர்ட் கேட்ட சாப்பாட்டுக்கடை

இது நடந்தது போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், லண்டன் நகரின் நடுப்பகுதியில் இருக்கும் ஓர் உணவகத்தில். உணவகம் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. விமான நிலையம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருந்த இடம் அது.

என் மகளுக்கு அன்று பதினெட்டாவது பிறந்தநாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி டுபாய்க்குப் போய்வந்திருந்தாள். அங்கே பனிக்கட்டிச் சுவருக்குள் கம்பளிக் கோட்டோடு இருந்து சாக்லேட் குடித்தது, கும்மிருட்டில் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டது என்று வீடியோ வீடியோவாக இவளுக்குக் காட்டிவிட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. வெளியே போய்ச் சாப்பிட்டால் அதற்கு ஒரு ‘தீம்’ இருக்க வேண்டும். மேசை கதிரை போட்டு மரியாதையாகச் சாப்பாடு தருகிற கடையெல்லாம் அவளுக்குக் கடையாகவே தெரியவில்லை. கடைசியில் லண்டனிலேயே ஒன்றைத் தேடிப் பிடித்தாள். வாசலில் போர்டிங் பாஸ் கொடுப்பார்கள். குடிவரவு மேசையில் விளையாட்டுப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். உள்ளே விமானத்து இருக்கைகள். சாப்பாடு சின்னத் தட்டில் வெள்ளித்தாள் மூடி வரும்.

நான் இருப்பது ஹவுன்ஸ்லோவில். வேலை விமான நிலையத்தில், வாசனைத் திரவியம் விற்கிற கடையில். கிழமை முழுக்க அங்கே நின்று கால் வீங்கி வருகிற எனக்கு லீவு நாளிலும் விமான நிலையமா என்று கேட்டுப் பார்த்தேன். விமானத்துச் சாப்பாட்டை யாராவது ஆசைப்பட்டுத் தேடிப்போய்ச் சாப்பிடுவார்களா என்றும் கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவர் நைசாக ஷிப்டை மாற்றிக்கொண்டு தப்பிவிட்டார். நானும் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் என் தம்பியும் போனோம்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் இங்கே அகதியாக வந்து பல வருடங்கள். முதல் கேஸ் ரிஜெக்ட். அப்பீலும் ரிஜெக்ட். புதிதாக ஒன்று போட்டுவிட்டு இருக்கிறான். வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களோடுதான் இருக்கிறான், சமைப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் அவன்தான். மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியதும் அவன்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். நாங்கள் ‘சைன் வைக்கப் போறது’ என்போம். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. சிலரை அங்கேயே மறித்து, தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய், பிளேன் ஏற்றிவிடுவார்கள். இவனையும் ஒருமுறை அப்படி மறித்து, சில கிழமைகள் தடுப்பில் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் எனக்குக் கடையில் கையும் ஓடாது காலும் ஓடாது. ‘வெளியிலை வந்திட்டன்’ என்று அவனிடமிருந்து மெசேஜ் வந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன்.

இது எதுவும் மகளுக்குத் தெரியாது. “பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் அக்கா, படிக்கிற பிள்ளை” என்று அவன்தான் தடுப்பிலிருந்து வந்த அன்று கேட்டுக்கொண்டான். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது வழக்கம்தான். கேஸ் பற்றிய கதையைப் பெரியவர்கள் குசினிக்குள் வைத்துக் குசுகுசுப்பார்கள், பிள்ளைகள் வந்ததும் பேச்சு மாறும். அவன் தடுப்பில் இருந்த கிழமைகளில் மாமா சிநேகிதன் வீட்டில் நிற்கிறார் என்று சமாளித்தோம். செவ்வாய்க்கிழமை மாமா இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். இத்தனை வருடம் படித்தும் மாமாவுக்கு இங்கிலிஷ் வரவில்லையே என்று அவள் பகிடி பண்ணுவாள். அவனும் வேண்டுமென்றே பிழையாகப் பேசிக் காட்டுவான். அவளைச் சிரிக்க வைக்க அவன் எதுவும் செய்வான்.

சனம் கூடுகிற இடங்களுக்கு அவன் வருவதில்லை. மகள் கெஞ்சியதால் வந்தான். நல்ல சட்டை போட்டு, சப்பாத்து மினுக்கி வந்தான். வாசலில் விளையாட்டுக் குடிவரவு மேசையில் இருந்த பிள்ளை அவன் கையில் ஒரு அட்டைப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, டக்கென்று முத்திரை குத்தி, சந்தோஷமாக இருந்துவிட்டுப் போங்கள் என்று சிரித்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இவ்வளவு ஈசியோ அக்கா?” என்று என் காதுக்குள் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான்.

உள்ளே ஒரே அமர்க்களம். விமானப் பணிப்பெண்கள் போல உடுத்த பிள்ளைகள் தள்ளுவண்டியில் குடிவகை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கிளாசிலிருந்தும் புகை போனது. புகை போகிற குடிவகையை நம்பிக் குடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் தோடம்பழச் சாறு எடுத்தேன். தம்பி ஒரு பியர் எடுத்தான். வெள்ளித்தாளைத் திறந்தால் கோழியும் கிழங்கும். உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. ஜன்னல் போல வைத்த டிவிகளில் முகில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தன் இருக்கைப் பட்டியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாகச் சிநேகிதிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவனை அவ்வளவு இலகுவாக நான் பார்த்து எவ்வளவோ காலம். அடிக்கடி இப்படி எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கறுப்புச் சீருடையில் ஒருவர் எங்கள் வரிசைக்கு வந்தார். நெஞ்சில் அட்டை, இடுப்பில் வோக்கி டோக்கி. எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, “மிஸ்டர்” என்று சொல்லி எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் கேட்கிறார்களே என்று அப்பாவின் பெயரை எழுதிவைக்கிறோம். தம்பியை வீட்டில் எல்லோரும் செல்லப் பெயரால் கூப்பிடுவோம், சிநேகிதர்கள் அவனுடைய சொந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். செத்துப்போன அப்பாவின் பெயரால் அவனைக் கூப்பிடுகிறவர்கள் குடிவரவு அதிகாரிகள்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சாகக் கிடந்தாலும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இல்லை.

தம்பியின் நுழைவு அனுமதியில் ஒரு பிரச்சினை இருக்கிறது, தயவுசெய்து தன்னோடு வர வேண்டும் என்று அந்த மனிதர் ஆங்கிலத்தில், கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

தம்பி எழுந்து நின்றான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்சட்டையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிச் சுருட்டி மேசையில் வைத்தான். குனிந்து சப்பாத்து நூலை உருவினான், ஒன்றை, பிறகு மற்றதை. சட்டைப்பையிலிருந்ததை எல்லாம் எடுத்து வைத்தான். தடுப்புக்குள் போகிறவர்களிடம் இவற்றையெல்லாம்தான் முதலில் வாங்குவார்கள், கழுத்தில் சுருக்குப் போட்டுவிடக்கூடாது என்று. பக்கத்து வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. ஆள் என்னமாய் நடிக்கிறார் என்று போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சீருடைக்காரருக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

தன் போனை என் கையில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னான்.

“அக்கா, அழாதேங்கோ. பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கிறாள். லோயருக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ. உழுந்து ஊறப் போட்டிருக்கிறன், போனவுடனை அரைச்சு வையுங்கோ.”

விளையாட்டு என்று எனக்கு ஏன் உடனே தெரியவில்லை என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடைகளில் அதிகாரிகள் திடீரென்று புகுந்து, விசா இல்லாமல் வேலை செய்கிறவர்களைப் பிடித்துப்போகிற கதையை இந்த ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இத்தனை பேர் சீருடை போட்டு நடிக்கிற இடத்தில் உண்மையான ஒருவர் வந்தால் எப்படித் தெரியும்? அப்பாவின் பெயர் வேறு அவர் வாயில் வந்துவிட்டது. தம்பி காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தான். நூல் இல்லாத சப்பாத்து டப் டப் என்று அடித்தது. ஒரு கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டார்கள்.

“அம்மா, வெயிட் பண்ணுங்கோ, இப்ப பாருங்கோ” என்று மகள் என் கையை உலுப்பினாள்.

கதவு திறந்தது. விமானியின் தொப்பியை அவன் தலையில் கவிழ்த்து, கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்திருந்தார்கள். வண்டியில் விமானம் போலச் செய்த கேக், மேலே மெழுகுதிரி. எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். தன் கேக்கை மாமாதான் கொண்டுவர வேண்டும் என்று மகள் முன்பே அவர்களிடம் கேட்டு ஒழுங்கு செய்திருந்தாளாம். யாரைப் பிடிக்க வேண்டும், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்களாம். அம்மப்பாவின் பெயர் அவளுக்குத் தெரியும்தானே, கொடுத்துவிட்டாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு அது உலகத்திலேயே பிரியமான ஆளுக்குச் செய்த மரியாதை.

தம்பி சிரித்த முகத்தோடு வந்தான். ஒரு கை வண்டியில், ஒரு கை காற்சட்டையில். மகள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தாள். அப்போதுதான் அவள் அவனுடைய சப்பாத்தைப் பார்த்தாள்.

“மாமா, ஆர் யூ ஓகே? நூல் ஏன் கழட்டினீங்கள்?”

“மாமா நல்லா நடிச்சனானோ?” என்றான்.

அவள் நம்பிவிட்டாள். அவள் கேக் வெட்டுகையில் அவன் பக்கத்தில் நின்றான், படத்துக்குச் சிரித்தான், இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டான். சீருடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மேசையில் விட்டுப்போன பட்டியையும் நூல்களையும் எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் இருபத்தைந்து வயதும் இருக்காது. அந்த அறைக்குள் போனதும் உங்கள் ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கு என்ன நடந்தது என்று மெல்லிய குரலில் கேட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் என்ன செய்வார், அது அவருக்குச் சம்பளத்துக்கு ஒரு வேஷம். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பட்டியை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து மகள் சிநேகிதிகளோடு படம் பார்க்கப் போய்விட்டாள். நானும் தம்பியும் ட்ரெயினில் ஹவுன்ஸ்லோவுக்குத் திரும்பினோம். சனிக்கிழமைச் சனத்தில் எங்களுக்கு எப்படியோ இருக்க இடம் கிடைத்தது. மன்னித்துக்கொள், அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். நன்றாகப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. எழும்பி நிக்கேக்கை பயமே வரேல்லை. அப்பாடா எண்டிருந்தது.”

எனக்கு விளங்கவில்லை. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“முடிஞ்சுது எண்டு நினைச்சன். இனிச் செவ்வாய்க்கிழமை இல்லை, லோயர் இல்லை, காத்திருக்கிறது இல்லை. அனுப்பினாலும் பரவாயில்லை, அங்கை என்ன நடந்தாலும் பரவாயில்லை எண்டு நினைச்சன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நெஞ்சு லேசா இருந்தது. பிறகு அந்தப் பெடியன் வந்து தொப்பியைப் போட்டான்.”

எல்லாம் சரிவரும் என்று வழக்கமாகச் சொல்வேன். அன்று அந்த வார்த்தை வரவில்லை. என் பக்கத்தில் இருந்தவன் சாவுக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்தவன். அவனை இங்கே ஒருவரும் அடிக்கவில்லை, சுடவில்லை. காக்க வைத்தே, திரும்பிப் போனாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவனுடைய கேஸ் இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் போகிறான், வருகிறான். அன்று எடுத்த வீடியோவை மகள் இன்னும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், தம்பி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் நின்று சிரிக்கிறான். நான் ஒவ்வொரு மாதமும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். அவனைப் பிடித்துவிடக்கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் என்னுடைய ஒரே வேண்டுதல். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, கற்பூரம் காட்டும்போது கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறேன், என் தம்பிக்காக என்ன கேட்பது என்றுதான் எனக்குத் தெரிவதில்லை.