வெள்ளைக்காரக் குதிரைக்கு நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு இங்கிலீஷ் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பெரிய துரையின் பங்களாவில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது என்பார்கள். துரையும் துரைசாணியும் அவற்றை வாசித்திருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க அட்டன் டவுனுக்குப் போகவேண்டும். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன ஒரே பெண்பிள்ளை நான். அங்கே எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு டீச்சர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தி, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கையில் தந்தார். அட்டையில் ஒரு குதிரையின் தலை மட்டும் இருந்தது. மாணவர் மன்றக் கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி நான் தமிழில் பேசவேண்டும் என்றார். “வாசிச்சதைச் சொல்லாதையும் பிள்ளை, விளங்கினதைச் சொல்லும்” என்றும் சொன்னார். பெற்றோரும் வருவார்கள் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தை நான் ஏன் அப்படிப் பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்றால், என் படிப்பு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வருடம் முடிந்ததும் என்னைத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்பிவிடலாம் என்று அப்பா நினைத்தார். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை, ஆனால் வாய் திறக்கமாட்டார். வீட்டில் முடிவு சொல்கிறவர் அத்தை. அப்பாவின் அக்கா. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். புருஷன் செத்த பிறகு எங்கள் காம்பராவிலேயே இருந்தார். அத்தை வேண்டாம் என்றால் அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். என் விஷயத்தில் அத்தை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “கூட்டத்துக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது அவர் பேச்சு.

நாவல் ஒன்றும் லேசில் மசியவில்லை. பக்கத்துக்குப் பத்து இடத்தில் காலை வாரிவிட்டது. டீச்சரைக் கேட்டும், தெரியாததைத் தாண்டியும், சில இடங்களில் துணிச்சலாக ஊகித்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினேன். குதிரையை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. முன்னாள் துரைமார் குதிரையில் மலை சுற்றியதாகச் சொல்வார்கள். என் காலத்துத் துரை மோட்டார் சைக்கிளில் சுற்றினார். எனக்குத் தெரிந்த ஒரே குதிரை, பன்னிரண்டாம் நம்பர் மலையடியில் முனியாண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மண்குதிரை. அதற்கும் ஒரு காது உடைந்திருந்தது.

கதை இதுதான். வெள்ளைக்கார நாட்டில் ஒரு மலையடிவாரத்தில் பிறக்கிற குதிரை, ஒரு எசமானிடமிருந்து இன்னொரு எசமானுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு பிரபு வீட்டுச் சாரட்டு. பிறகு பட்டாளம். பிறகு நிலக்கரிச் சுரங்கம். அதன் பிறகு பால் வண்டி. ஒவ்வொருவரும் அதற்கு ஒரு புதுப்பெயர் வைக்கிறார்கள்.

வாசித்ததை வாசித்த அன்றே யாரிடமாவது அளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லோரும் திரும்பி, தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது கதையைத் தமிழில் அவிழ்த்துவிடுவேன். முதல்நாள் அம்மாவும் அத்தையும் மட்டும் கேட்டார்கள். பிறகு பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்தார்கள். அதற்கும் பிறகு மேல் லயத்துப் பெண்கள் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, தேயிலைச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார். ஆனால் கதையில் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் தீட்டுகிற சத்தம் நின்றுவிடும். எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அத்தையிடம் மட்டும் ஒரு தொல்லை இருந்தது. குதிரை கைமாறும் ஒவ்வொரு முறையும், “இந்த ஆளு என்னா பேரு வச்சான்?” என்று கேட்பார். நான் அந்தப் பெயர்களையெல்லாம் வேண்டாத விஷயம் என்று விட்டுவிட்டு, சண்டையும் ஓட்டமும் உள்ள இடத்துக்குத் தாவப் பார்ப்பேன். அத்தை விடமாட்டார். பெயரைச் சொன்னால்தான் மேலே நகரலாம். சொன்னதும் அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் படாதபாடு படும். நானும் மற்றப் பிள்ளைகளும் சிரிப்போம்.

ஒருநாள் குதிரை சுரங்கத்துக்குப் போன இடத்தைச் சொன்னேன். வெளிச்சமே இல்லாத இடத்தில் கரிவண்டி இழுத்து, முழங்கால் பெயர்ந்து விழுந்துவிடுகிறது. அதற்குமேல் நான் வாசித்திருக்கவில்லை. மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். அத்தை எழுந்துபோய் அடுப்படியில் மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து, அதில் ஒரு சல்லிக் காசை முடிந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அந்தக் குதிரை நல்ல இடத்தில் போய்ச் சேர்ந்தால் முனியாண்டிக்குச் சிவப்புச் சேவலை அறுப்பதாக நேர்ந்துகொண்டார்.

சிவப்புச் சேவல் அப்பா தீபாவளிக்கென்று வளர்த்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, அது கதையில வர்ற குதிரை.”

“அதுக்கென்னா?”

“அது வெள்ளக்காரன் குதிரை. நம்ம முனியாண்டிக்கு அது யாருன்னே தெரியாது.”

“குதிரை யாரோட வாகனம்? அவரோடதுதானே? அவரு பாக்காம வேற யாரு பாப்பாங்க?” என்றார் அத்தை.

அப்பா மறுபடி கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். அச்சடித்து முடிந்து எத்தனையோ வருடமான ஒரு நாவலின் முடிவை, மலையடியில் காது உடைந்த குதிரையோடு நிற்கிற முனியாண்டியிடம் ஒப்படைத்துவிட்டு அத்தை நிம்மதியாகப் படுத்துவிட்டார். மாட்டிக்கொண்டது நான்தான். குதிரை செத்துப்போனால் அத்தை முகத்தில் எப்படி விழிப்பது? புத்தகம் படித்தால் துக்கம்தான் வரும் என்று அவர் முடிவு கட்டிவிட்டால், வருடம் முடிய என் தலையில் கொழுந்துக்கூடைதான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குக்கூட வெளியே போகாமல் கடைசி அத்தியாயங்களை வாசித்தேன். ஜன்னல் ஓரமாக நின்றபடி வாசித்தது நினைவிருக்கிறது. முடித்ததும் ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். கடைசி மணி அடித்ததும் புறப்பட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் விழுந்து எழும்பி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே போய்விட்டேன். அத்தை கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

“குதிரை பொழச்சிருச்சு அத்தை” என்றேன்.

கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எந்தக் குதிரை என்று அவர் கேட்டதற்கு அவர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முடிவை அன்று சாயங்காலம் விரிவாகச் சொன்னேன். பால் வண்டி இழுத்துக்கொண்டு சந்தைத் தெருவில் போகிற குதிரையை, அது குட்டியாக இருந்தபோது வளர்த்த ஆள் தற்செயலாகக் காண்கிறார். எலும்பும் தோலுமான அந்த உருவத்தில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தேகத்தோடு, குட்டியில் தான் வைத்த முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். குதிரை நின்றுவிடுகிறது. வண்டிக்காரன் சாட்டையால் அடிக்கிறான், அது நகரவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அவர் அதை விலைக்கு வாங்கிப் பிறந்த மலையடிவாரத்துக்கே கொண்டுபோய்விடுகிறார். அந்தக் கூப்பிடுகிற இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார் அத்தை. சொன்னேன். இன்னொருமுறையும் சொல்லச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிவப்புச் சேவல் முனியாண்டியிடம் போய்ச் சேர்ந்தது. கதை கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கறி. அப்பாதான் அறுத்தார். குழம்பு நன்றாக இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு அத்தை பாதிநாள் கூலியான அரைப் பேரோடு வேலையை விட்டுவிட்டு வந்தார். திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற மாம்பழக் கலர் சேலை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நேரே போய் முன்வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அது தோட்டத்துக் கிளாக்கர்மார் குடும்பங்களும் டவுன் கடை முதலாளிமாரும் உட்காருகிற வாங்கு. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இடம் தருகிறார் என்று நினைத்து அத்தை இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

உயிர்களிடத்தில் அன்பு என்று தொடங்கும் பேச்சு ஒன்றை நான் மனப்பாடம் செய்திருந்தேன். மேடையில் ஏறி, சபைக்கு வணக்கம் சொல்லி, முன்வாங்கைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்தோப்பில் கதை கேட்கும்போது உட்காருகிற அதே மாதிரி, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு. மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பிறகு என் வாய் தானாகப் பேசியது. அந்தக் குதிரையின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். பிரபு வைத்தது, பட்டாளத்துக்காரன் வைத்தது, சுரங்கத்துக்காரன் வைத்தது, பால்காரன் வைத்தது. நான் தாவிப்போகப் பார்த்த பெயர்கள் எல்லாம் அத்தை கேட்டுக் கேட்டு எனக்கும் மனதில் நின்றிருந்தன. எந்தப் பெயரையும் அந்தக் குதிரை கேட்டு வாங்கவில்லை என்றேன். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் வேலை செய்தது, ஆனால் நின்று திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு பெயருக்குத்தான் என்றேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கைதட்டல் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. தள்ளி உட்கார்ந்த அம்மாளும் தட்டினார். “இது நான் சொல்லித் தராத பேச்சல்லோ” என்று டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அத்தை மட்டும் கை தட்டவில்லை. மோவாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் எனக்கு முன்னால் தோட்டத்து ரோட்டில் விறுவிறுவென்று ஏறினார். மேடையில் ஊமையாக நின்றதைப் பார்த்துவிட்டார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாலத்தடியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் வாய் திறந்தார்.

“எங்க ஆத்தா எனக்கு வச்ச பேரு அங்கம்மா” என்றார். “கடலுக்கு அக்கரையிலேருந்து வந்து, மொத மொத பேரு கூப்புட பெரட்டுல நின்னப்ப ஒன்னோட வயசுகூட இருக்காது எனக்கு. பெரிய கங்காணியோட ஆத்தா பேரும் அங்கம்மாவாம். அந்தப் பேரச் சொல்லி என்னைய ஏசுனா அவுங்கள ஏசுன மாதிரி ஆயிருமாம். இனிமே நீ கருப்பாயின்னுட்டாங்க.”

பேச்சைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்த எனக்கு இது சப்பென்று ஆகிவிட்டது. பெரிய கங்காணியும் அவருடைய அம்மாவும் செத்து எத்தனை காலமோ. அந்தப் பழங்கதை இப்போது எதற்கு?

“நான் நல்லாப் பேசுனேனா அத்தை?” என்று கேட்டேன்.

“நல்லாப் பேசுன” என்றார். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு, “ரொம்ப நல்லாப் பேசுன புள்ள” என்று திரும்பவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அப்பாவைக் கூப்பிட்டார். “தம்பி, இவ பேர பதிய வேணாம். படிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அப்பா தலையை ஆட்டினார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார், அழத்தான் போயிருப்பார். என் நாவன்மைக்குக் கிடைத்த வெற்றி இது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. பல வருடம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, பெரட்டுக்களத்துக்கு மேலே போகிற ரோட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கீழே பனிக்குள் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. “கருப்பாயி” என்றார். ஒருவரும் பேசவில்லை. அத்தை முன்வரிசையில்தான் நின்றார், கூடைக்கயிறு தலையில், முகம் மலையைப் பார்த்தபடி. “கருப்பாயி” என்று கணக்கப்பிள்ளை மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்த பிறகுதான் அத்தை மெதுவாக, “இருக்கேங்க” என்றார்.

அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அத்தனை பெரிய இங்கிலீஷ் நாவலையே வாசித்து விளங்கிக்கொண்டவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மாவும் நம்பிவிட்டார்.