அக்காவுக்குக் கேட்ட குரலும் எனக்கு இருந்த சந்தேகமும்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். "நல்லதை மட்டும் எழுதுப்பா" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதிய மலர் எதையும் நான் நம்பியதில்லை. மின்சார மீட்டரில் திருட்டு நடக்கிறதா என்று சோதித்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான். யாரையும் சட்டென்று நம்பி எனக்குப் பழக்கமில்லை.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் பிறந்து ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டார். பட்டுச் சேலையில் கரையை உடலோடு கோக்க, தறியில் இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். மாமாவுக்கு அந்த ஆள் அக்காதான். பிள்ளை இல்லாத குறையைக்கூட இருவரும் அந்தத் தறியில் உட்கார்ந்துதான் பேசித் தீர்த்தார்கள். மாமா காய்ச்சலில் போன பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "மாமா கூப்பிடறாருடா" என்றார். அதிலிருந்து தூக்கம் போயிற்று, சோறும் இறங்கவில்லை.

எங்கள் தெருப் பெண்கள், "சாமி வந்திருக்குது" என்று சொல்லி அவர் காலில் விழுந்து குறி கேட்டார்கள். அக்கா கூசிப்போனார். அடுத்த தெரு ஜெபக்கூட்டத்தார், இது மனபாரம், ஜெபத்தில் இறங்கும் என்றார்கள். மனநல மருத்துவர் இது நோய் என்றார். ஒரே அக்காவுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தால் எனக்குச் சந்தேகம் வராதா? எங்கே போனாலும் காவல்காரன் மாதிரி கூடவே போனேன்.

மருத்துவர் அக்காவைப் பார்த்து, "அந்தக் குரல் என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்குமுன், "என்னென்னமோ சொல்லுதாம் சார்" என்று நானே பதில் சொன்னேன். மாத்திரை கொடுத்தார். "கோயிலோ தர்காவோ, மனசுக்கு நல்லா இருக்குற இடத்துக்குப் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார்.

தர்காவில் துவா செய்யும் பெரியவரோ, "மாத்திரை சாப்பிடறியாம்மா? அதை உட்றாதே, அதுக்கப்புறம் துவா பண்ணலாம்" என்றார். இவர் அவரிடம் தள்ளுகிறார், அவர் இவரிடம் தள்ளுகிறார், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மாத்திரையில் தூக்கம் வந்தது. ஆனாலும் வியாழன் தவறாமல் அக்கா, என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகவே தர்காவுக்குப் போனார். யாரோ மயக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் பின்னாலேயே போனேன். முற்றத்தில், மகனைப் பறிகொடுத்த ஜீனத்தம்மாவோடு உட்கார்ந்து அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடமாகியிருந்தது. மரத்தடியில் மறைந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

"டேய், இங்கியும் மீட்டர் பாக்க வந்துட்டியா?"

"இங்க என்னக்கா இருக்குது உனக்கு?"

"நான் அவரைப் பத்திப் பேசினா, இவங்க கேட்டுக்கினு இருக்காங்கடா. வீட்ல பேசினா, மாத்திரை போட்டனா இல்லியான்னு நீ என் கண்ணையே பாத்துக்கினு இருக்குற."

அன்றைக்கு எனக்கு வெட்கம்தான் வந்தது. புத்தி வரவில்லை.

அக்கா மேலும் ஆறு வருடம், மாத்திரையும் வியாழக்கிழமையுமாக, நன்றாகவே வாழ்ந்தார். கடைசியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆறு வருடமும் சலிக்காமல் பார்த்த மருத்துவருக்கும், தர்காப் பெரியவருக்கும், வீட்டுக்கு வந்து மண்டியிட்ட ஜெபக்கூட்டத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், மன்னியுங்கள்.

கடைசி நாள் மதியம் அக்கா, "மாமா கூப்பிடறாருடா" என்றார். காலை மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்க நான் செவிலியரைத் தேடி ஓடினேன். "வேளைக்குக் குடுத்துட்டோம் சார்" என்று பொறுமையாகச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும் நன்றி. திரும்பி வருவதற்குள் அக்கா போய்விட்டார். அவர் கையைப் பிடித்தபடி ஜீனத்தம்மா உட்கார்ந்திருந்தார். மாமா என்ன சொன்னார் என்று அக்காவிடம் அவராவது கேட்டிருப்பார். ஒரு வருடமாகிறது, அவரிடம் போய் விசாரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவர் சொல்வதை நான் நம்ப வேண்டுமே.