சில்வண்டுகள் காணாமல்போன மூன்று கோடைகள்

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். பூமிக்குள் ஓடும் குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று காதால் கேட்டுச் சொல்வது அவர் வேலை. தெரு இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் காலை வேளையில் ஆளுயர இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார். கசிவு இருந்தால் கம்பி வழியாகத் தாழ்ந்த முனகல் ஒன்று ஏறி வரும். "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் தண்ணீர் பீறிடும். சத்தமே வராவிட்டால், "இங்க ஒண்ணுமில்லை, நடங்க" என்பார். முப்பத்தொரு வருடத்தில், அவர் ஒன்றுமில்லை என்ற இடத்தை யாரும் தோண்டிப் பார்த்ததில்லை.

அந்தக் காதைத் தீட்டிக் கொடுத்தவை சில்வண்டுகள்.

எட்டு வயதில் அவருக்குச் சில்வண்டுப் பைத்தியம் பிடித்தது. அவர்கள் இருந்த மூன்று மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். பள்ளி மூடிய ஒரு வாரத்தில் அத்தனை மரமும் கத்த ஆரம்பிக்கும். பெரியவர்கள் சன்னலைச் சாத்திவிட்டு மத்தியானத் தூக்கம் போடுவார்கள். இவர் ஜாம் பாட்டிலும் கையுமாகப் படியிறங்குவார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தந்தது தங்கை. அவளுக்கு ஐந்து வயது; அண்ணன் எங்கே போனாலும் வாலைப் பிடித்துக்கொண்டு போவாள்.

சில்வண்டைப் பிடிப்பது விளையாட்டுக் காரியமில்லை. சத்தம் மரம் முழுக்க நிறைந்திருக்கும். எந்தக் கிளை என்று சொல்ல முடியாது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு தலையை அங்குலம் அங்குலமாகத் திருப்பினால், ஓரிடத்தில் சத்தம் சட்டென்று கூர்மையாகும். அங்கேதான் இருக்கிறது. அது கத்தும்போது ஓர் அடி வைக்க வேண்டும். நிறுத்தினால் நாமும் சிலையாக நிற்க வேண்டும், மூக்கு அரித்தாலும் சரி. கடைசியில் பட்டை நிறத்திலேயே ஒரு முடிச்சு தெரியும். கையைக் கிண்ணம்போல் குவித்து மேலிருந்து மூட வேண்டும். தப்பித்தால் போகிற போக்கில் முகத்தில் மூத்திரம் பெய்துவிட்டுத்தான் போகும். முதல் கோடை முழுவதும் அவர் நனைந்ததுதான் மிச்சம். தங்கை தரையில் புரண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் அதைப் பார்த்தார். அடிமரத்தில் மண் அப்பிய பழுப்புப் பூச்சி ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகு பிளந்தது. உள்ளேயிருந்து பால் வெள்ளையாக ஒன்று மெல்லத் தலையை நீட்டியது, பிறகு காலை இழுத்தது, பிறகு மல்லாக்கச் சரிந்து தொங்கியது. கசங்கிய துணுக்குகளாக இருந்த சிறகுகள் நனைந்த துணி விரிவதுபோல் விரிந்து கண்ணாடியாயின. வருடக்கணக்காக மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தது, யாரும் சொல்லாமலே இன்றுதான் நாள் என்று எப்படித் தெரிந்துகொண்டது? அம்மா காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போகும்வரை நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டார், கல்யாணம், மகள் பிறந்தது, கடல். அந்தக் காலை நேரத்துக்கு எதுவும் ஈடாகவில்லை என்று மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரியவரானதும் பிடிப்பதை விட்டார், கேட்பதை விடவில்லை. கோடை பிறந்ததும் மதிய உணவுப் பெட்டியோடு வாரியத்துக்கு எதிரே உள்ள பூங்காவுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். முதல் சில்வண்டு கத்திய தேதியைப் பாக்கெட் நாட்குறிப்பில் எழுதி வைப்பார். இருபத்தெட்டு வருடங்களாக ஒரு தேதியும் தப்பவில்லை.

இருபத்தொன்பதாவது கோடையில் சத்தம் வரவில்லை. மழை பொய்த்ததால் தாமதம் என்று நினைத்தார். அடுத்த கோடையிலும் வரவில்லை. அதற்கடுத்த கோடையில் பூங்கா முழுக்க மரம் மரமாக நின்று கேட்டுப் பார்த்தார். குழாயில் சத்தமில்லை என்றால் கசிவில்லை. மரத்தில் சத்தமில்லை என்றால் வண்டில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். எல்லாம் செத்துப்போய்விட்டன என்று முடிவு கட்டினார். அன்று சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார்.

துக்கம் கோபமாக மாற எவ்வளவு நேரமாகும்? "பூச்சி மருந்து அடிச்சே கொன்னுட்டாங்க" என்று பூங்கா அலுவலகத்துக்கு மூன்று பக்க மனு எழுதினார். பதில் இல்லை. நேரே போய்த் தோட்டக்கார அம்மாவை மரத்தடியில் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா மருந்து அடிக்கிறீங்க இங்க?"

"என்ன சார்? சத்தமாப் பேசுங்க, கேக்கலை!"

"மருந்து! மருந்து!"

"மருந்தா? பக்கத்துத் தெருவுல கடை இருக்கு சார்!"

பாவம், இந்த வயதிலேயே காது மந்தம் என்று பரிதாபப்பட்டுக்கொண்டு திரும்பினார்.

அந்த மாதமே தங்கை ஊரிலிருந்து வந்தாள். ஐம்பத்தைந்து வயது, தையற்கடை நடத்துகிறாள், அவருக்கு இன்னும் பாப்பாதான். அண்ணன் இளைத்துப் போயிருப்பதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்தாள். "வா, காட்டறேன்" என்று மத்தியான வெயிலில் அவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் பாப்பா, காது வலிக்குதா?"

"ஐயோ அண்ணா, என்ன கத்து கத்துது! மண்டையைப் பிளக்குதே!"

"எது?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கையை மெதுவாக இறக்கினாள்.

"அண்ணா... உனக்குக் கேக்கலையா?"

அவர் மரங்களைப் பார்த்தார். இலைகள் அசைந்தன. வேறொன்றுமில்லை. வாரியத்து டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கீச்சுக்குரல்தான் வயதானால் முதலில் போகும், உங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, தாழ்ந்த சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. டாக்டரின் மிஷினில்தான் கோளாறு என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தார்.

"எந்த மரத்துல கத்துது?"

"எந்த மரம்னு சொல்ல? எல்லா மரத்துலயும்தான்."

"எல்லா மரத்துலயுமா?"

"ஆமா அண்ணா. நம்ம வீட்டுக்குப் பின்னால கத்தினதைவிட ஜாஸ்தி."

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. பாம்புக்காதுக்குக் காது போயிற்றே, இதை எப்படித் தாங்கப்போகிறார் என்று அவர் கையைப் பிடித்தாள். அவரோ வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை.

"சாகலை பாப்பா! ஒண்ணுகூட சாகலை! போனது நான்தான், அதுங்க இல்லை!"

கையை உதறிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனார். சத்தத்தின் துணையில்லாமல் கண்ணால் மட்டும் தேடுவது அவருக்குப் புதிது. பட்டையை விரற்கடை விரற்கடையாகப் பார்த்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். எப்போது அடி வைக்கலாம், எப்போது நிற்கவேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் பட்டை நிறத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு கையைக் குவித்தார். மூடினார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவர் முகம் மாறியது. உள்ளங்கைக்குள் ஒரு நடுக்கம். விரல் இடுக்குகளில், மணிக்கட்டில், முழங்கை வரைக்கும் ஏறியது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்ததா? சின்ன வயதில் இருநூறு முன்னூறு பிடித்திருப்பார். அப்போதெல்லாம் சத்தமே ஆளை விழுங்கிவிட்டது, கைக்கு என்ன நேர்ந்தது என்று கவனித்ததேயில்லை.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுக்கம் நின்றது. மறுபடி தொடங்கியது.

"இப்போ கத்துது" என்றார் தங்கையிடம். "சரிதானே?"

"சரிதான் அண்ணா."